இருபத்தைந்து பேர் ஏற வேண்டும்

பஸ் வந்த நான்காம் நாள், திங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் இங்கே சுகம். உங்கள் இருமல் விட்டதா, இல்லை இன்னும் அந்தக் கசப்பு மருந்துதானா என்று முதலில் எழுதுங்கள். போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். அது விட்ட 'ம்'மா விடாத 'ம்'மா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. அதனால்தான் கடிதமாக எழுதி, பால் வண்டி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவரை நாம் 'அவசரம்' என்று கூப்பிடுவது அவருக்குத் தெரிந்துவிட்டதாம். வருத்தமில்லையாம். மெதுவாகப் போனால்தான் பால் தளும்பாது என்று விளக்கம் வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊருக்குப் பஸ் வந்துவிட்டது. நிஜமான பஸ். படிக்கட்டு, மணி, கதவருகே கம்பி, எல்லாம் உள்ள பஸ். வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு, பால் சங்கத்து வாசலில் வந்து நின்று மூச்சு விட்டது. நான் பால் அளந்துகொண்டிருந்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேனை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள். பதினெட்டு வருஷமாகச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன், ஆளில்லாமல் கேன்கள் மட்டும் வரிசையில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

ஏழு பத்துக்கு இங்கிருந்து கிளம்புகிறது. எட்டு இருபத்தைந்துக்கு உங்கள் பஸ் ஸ்டாண்டில் இருக்கும். அங்கிருந்து உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எத்தனை நிமிஷம் நடை என்று நான் கணக்குப் போடவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒன்பது வருஷமாகக் கடை மாடியில் ஓர் அறை, மாதத்தில் இரண்டு ஞாயிறு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வருவது, இது எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஏழு கிலோமீட்டர் மண் ரோடுதானே. மாலையில் ஐந்து மணிக்கு அங்கே கிளம்பி, ஆறேகாலுக்கு இங்கே.

ஆனால் இது முப்பது நாள் சோதனைதான். காலையில் நம் ஊரிலிருந்து இருபத்தைந்து பேர் ஏற வேண்டும். மாலையில் நம் ஊருக்கு இருபத்தைந்து பேர் வந்து இறங்க வேண்டும். குறைந்தால் முப்பத்தோராம் நாள் பஸ் வராது. முதல் நாள் நாற்பது பேர் ஏறினார்கள், வேடிக்கை பார்க்க. இரண்டாம் நாள் பதினொன்று. அன்று சாயங்காலமே பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் கூட்டம் போட்டு, ஆள் முறை வைப்பதென்று முடிவாயிற்று. பட்டியல் எழுத யார் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீடு வீடாகப் பெயர் தெரிந்தவள் நான்தானே.

பஞ்சாயத்துப் பதிவேட்டில் நம் ஊர் ஜனம் இருநூற்று எண்பத்தாறு. உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். சின்னக் குழந்தைகள் முப்பத்தொன்று. படி ஏற முடியாதவர்கள் பதினெட்டு. வெளியே தங்கி வேலை பார்ப்பவர்கள் நாற்பத்தைந்து. அந்த நாற்பத்தைந்தில் நீங்களும் ஒருவர். உங்கள் பெயரையும் நானே அடித்தேன், பேனா ஒரு நிமிஷம் நின்றது, அவ்வளவுதான். மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர். நாலு நாளைக்கு ஒரு தரம் ஒவ்வொருவருக்கும் முறை வரும்.

தினமும் இத்தனை பேருக்கு டவுனில் என்ன வேலை? ஒன்றுமில்லை. அதனால் தையல்காரர் ஒரு வழி சொன்னார். காலை முறைக்காரர்கள் பஸ்ஸில் ஏறி, மண் ரோடு முடியும் கூட்டுரோட்டில் இறங்கி, ஏழு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மாலை முறைக்காரர்கள் கூட்டுரோடு வரை நடந்து போய், பஸ்ஸில் ஏறி வந்து இறங்குவார்கள். இனிமேல் நடக்காமல் இருப்பதற்காக ஊரே இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நேற்று என் முறை. கால் கெஞ்சுகிறது, மனசு குதிக்கிறது.

ஐந்து மணிக்குக் கிளம்ப முடியுமா என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வரவை எண்ணும்,
வீட்டில் உள்ளவள்


பதினைந்தாம் நாள், வெள்ளி

அன்புள்ள உங்களுக்கு,

இருமலோடு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, போய்விட்டீர்கள். கடை ஆறரைக்குத்தான் மூடுவோம், ஐந்து மணி பஸ்ஸில் எப்படி என்று கேட்டீர்கள். நியாயம்தான். அதற்கு மேல் நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் தன் வரைபட நோட்டைக் காட்டவென்று இரண்டு தரம் வந்து, நீங்கள் தூங்குவதைப் பார்த்துத் திரும்பிப் போனாள். கூட்டுரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அவள் இப்போது தினமும் பஸ்ஸில்தான் போகிறாள். சைக்கிளைத் துடைத்து மூலையில் சாய்த்துவிட்டாள்.

நேற்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முறை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டருக்கு மட்டும் சந்தேகம். தினமும் எல்லாரும் கூட்டுரோட்டுக்கே டிக்கெட் வாங்குகிறீர்களே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாராம். அங்கே காற்று நன்றாக வரும் என்றாராம் தையல்காரர். 

நேற்றுக் காலை பஸ்ஸிலிருந்து கையில் அட்டையும் தாளுமாக ஓர் அதிகாரி இறங்கினார். யார் யார் எதற்காகப் பயணம் செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதப் போகிறாராம். வரிசையில் நின்றவர்களுக்கு முகம் செத்துவிட்டது. காற்று வாங்க என்று சொல்ல முடியுமா? தையல்காரர் வரிசையின் முன்னாலிருந்து பின்னால் வரை போய் எல்லார் காதிலும் ஒன்றையே ஓதினார். "ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒருத்தனும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டான்."

ஏறியவர்கள் இருபத்தேழு பேர். பள்ளிக்கூடம் என்று சொன்னவள் நம் மகள் ஒருத்திதான். மிச்சம் இருபத்தாறு பேரும் ஆஸ்பத்திரி. செங்கல் சூளையில் ஒரே மூச்சில் நாற்பது கல் தூக்குகிறவர், கன்றுக்குட்டி மாதிரி துள்ளும் அவர் தம்பி, நேற்றுதான் கல்யாணமானவள் போல் சிரித்துக்கொண்டே ஏறிய தலைவர் மனைவி, எல்லாருக்கும் ஆஸ்பத்திரி. உடம்புக்கு என்ன என்று அதிகாரி சூளைக்காரரிடம் கேட்டாராம். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "பொதுவா எல்லாம்தாங்க" என்றாராம்.

ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுக் கூட்டுரோட்டில் இறங்க முடியுமா? அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். இருபத்தாறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு டவுன் வரை போய், சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு போனவர். வழியில் நாலு பேர் அவரிடம் சட்டைக்கு என்ன கூலி என்று விசாரித்தார்களாம்.

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்களும் கொஞ்சம் சிரிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகளின் அம்மா


இருபத்துமூன்றாம் நாள், சனி

அன்புள்ள உங்களுக்கு,

சிரித்ததற்குத் தண்டனை கிடைத்துவிட்டது. புதன்கிழமை காலை பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு வெள்ளை வேன் வந்தது. ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள், கண்ணாடிக் குப்பிகள் நிறைந்த பெட்டி. ஒரே ஊரில் ஒரே நாளில் இருபத்தாறு நோயாளிகள் என்று தாள் போயிருக்கிறது, அவர்கள் பதறிப்போய் வந்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து குப்பி குப்பியாகத் தண்ணீர் எடுத்தார்கள். ஊரையே வரிசையில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னார்கள். சூளைக்காரரைப் பரிசோதித்த டாக்டர், இந்த உடம்பைப் பள்ளிக்கூடத்தில் படமாக மாட்டலாம் என்றாராம். தையல்காரருக்கு மட்டும் நிஜமாகவே ரத்த அழுத்தம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் தலைவருக்குக் கடிதம் வந்தது. பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். எனவே இனி வாரம் ஒரு முறை மருத்துவ வேனே ஊருக்கு வரும். அதனால் பஸ்ஸுக்கு அவசியம் இராது. சோதனை முப்பதாம் நாளோடு முடிகிறது.

தலைவர் வீட்டு முற்றத்தில் ஊரே கூடியது. எல்லாரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. பட்டியல் எழுதியவள் நான். நேற்று லீவு போட்டுவிட்டு, முறை நோட்டை எடுத்துக்கொண்டு, டவுனில் உள்ள டெப்போவுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட இருபத்தைந்து பேர் ஏறியிருப்பார்கள்.

மேனேஜர் என் வயதுப் பெண். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே, என்ன என்று புருவத்தைத் தூக்கினார். நோட்டை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முறை போட்டது, நடந்து திரும்பியது, காதில் ஓதியது, ஒன்று விடாமல். கடைசிவரை கேட்டார். "இருபத்தாறு பேருக்கும் வெவ்வேற வியாதியா, இல்ல ஒரே வியாதியா?" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. பிறகு, பொய்க் கணக்குக் காட்டிய ஊருக்கு எதற்குப் பஸ் என்று கேட்டார்.

நோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முதல் பக்கத்தில் நான் அடித்து வைத்த பெயர்கள் கண்ணில் பட்டன. மூன்று வாரமாக அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தரம்கூட இப்படித் தோன்றவில்லை. பஸ்ஸில் ஏற வேண்டியவர்கள் ஊரில் இல்லை. பஸ் இல்லாததால்தான் ஊரில் இல்லை. இருக்கிறவர்களை வைத்து நாம் பஸ்ஸை நிரப்பப் பார்த்திருக்கிறோம்.

"அம்மா, எங்க ஊர் ஆளுங்க நாப்பத்தஞ்சு பேர் உங்க டவுன்லதான் இருக்காங்க" என்றேன். "கடை மாடியில, கட்டட வேலை நடக்கிற எடத்துல, ஒரு ரூம்ல ஆறு பேரா. வேலை முடிய ஆறு, ஆறரை ஆகுது. நீங்க அஞ்சு மணிக்கே பஸ்ஸை எடுத்துடறீங்க."

அவர் நோட்டை வாங்கிப் பெயர் பெயராகப் படித்தார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த நேர அட்டவணையில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு ரூல் இருபத்தஞ்சு பேரு. அவங்க எங்க குடியிருக்காங்கன்னு ரூல்ல இல்ல" என்றார். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், மாலை ஏழு மணிக்கு எடுக்கிறேன், பஸ் ராத்திரி உங்கள் ஊரிலேயே நிற்கட்டும், ஆளைக் காட்டுங்கள் என்றார். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் படுக்க இடம் வேண்டுமாம். சங்கத்துப் பால் சோதனை அறையைத் தருகிறேன் என்று, யாரையும் கேட்காமல், வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய் முப்பத்தெட்டு பேரைப் பார்த்துவிட்டேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மட்டுமே பதினாறு பேர், துணிக்கடையில் ஒன்பது பேர், அச்சகத்தில், மர அறுவையில். நம்பவே இல்லை அவர்கள். மீதி ஏழு பேருக்குப் பால் வண்டி அவசரத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த ஏழில் நீங்களும் ஒருவர். கடைப் பக்கம் வர நேரமில்லை, பஸ்ஸுக்கு நாழியாகிவிட்டது.

ஏழு மணிப் பஸ். உங்கள் கடை ஆறரைக்கு மூடும். மற்றதை நாளை நீங்கள் வரும்போது பேசுவோம்.

அன்புடன்,
பட்டியல்காரி


முப்பத்திரண்டாம் நாள், திங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

பஸ் நிலைத்துவிட்டது. இன்று காலை கண்டக்டர் உத்தரவு நகலைக் கொண்டுவந்து சங்கத்துச் சுவரில் அவர் கையாலேயே ஒட்டினார். தையல்காரர் அதை மூன்று தரம் படித்துவிட்டு, பசை காய்வதற்குள் கிழித்துவிடுவார்களோ என்று காவல் நின்றார்.

போன திங்கள் மாலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எட்டே காலுக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு பஸ் வளைவில் திரும்பியபோது ஊரே சங்கத்து வாசலில் நின்றது. நான் நோட்டோடு படிக்கட்டுக்குப் பக்கத்தில். ஒன்று, இரண்டு என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். தையல்காரரின் மூத்த மகன் இறங்கினான். அவர் வரவேற்காமல், சட்டை தோளில் தொங்குகிறதே, யாருடா தைத்தது என்று கேட்டார். துணிக்கடைப் பெண்கள் ஒன்பது பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு வீட்டுக் குழந்தை தன் அப்பாவைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்றது. முப்பத்திநாலு பேர். எழுத்து கோணலாகிவிட்டது, எனக்குக் கண் கலங்கிப்போய். மறுநாள் இருபத்தொன்பது, அதன் பின் முப்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. காலையில் அதே ஆட்கள் சோற்றுப் பாத்திரத்தோடு ஏறுகிறார்கள். முறை நோட்டுக்கு இனி வேலையில்லை.

முப்பத்திநாலாவது ஆளுக்குப் பின்னால் கண்டக்டர் இறங்கி, அவ்வளவுதான் என்றார். நான் அப்போதும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். மகள் என் முந்தானையை இழுத்து, "அப்பாவுக்குக் கடையில வேலை இருந்திருக்கும்மா" என்றாள். செவ்வாயன்று, இருமலாக இருக்கும் என்றாள். புதனன்று, நேரம் மாறியது மறந்திருக்கும் என்றாள். இப்படி ஐந்து நாள் ஐந்து காரணம். சனிக்கிழமை அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பாடப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். அது எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் வந்திருந்த ஞாயிறன்று ஏழு மணிப் பஸ்ஸைப் பற்றி நான் சொன்னபோது, பார்க்கலாம் என்றீர்கள். அதற்குமேல் நான் கேட்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை இப்போது எழுதிவிடுகிறேன். கடைப் பக்கம் வர நேரமில்லை என்று எழுதினேனே, அது பொய். வந்தேன். எதிர்ச் சாரியில், சைக்கிள் கடை நிழலில் அரை மணி நேரம் நின்றேன்.

ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டுச் சரிசெய்து, தெருவில் உள்ள பலகையைப் படிக்கச் சொன்னீர்கள். அவர் என்னவோ தப்பாகப் படித்தார் போலிருக்கிறது. நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள். கடை முழுக்கச் சிரித்தது. அண்ணாந்து பார்த்தேன். மாடி ஜன்னலில் ஒரு டப்பாவில் செடி, பச்சைப் பசேலென்று. நீங்கள் செடி வளர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. 

அதுவரை, ஊருக்கு வர வழியில்லாமல் ஒரு மனிதர் அங்கே காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒருவர் நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தார். ரோட்டைக் கடக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். 

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் ஒன்பது வருஷத்தில் பழகிப்போனவை நிறைய. ப்யூஸ் போனால் நானே போடுகிறேன். கட்டிலில் குறுக்காகப் படுக்கிறேன். யாரிடமும் கேட்காமல் முடிவெடுக்கிறேன், டெப்போவுக்குப் போனதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களும் நானும் விருந்தாளிகள் மாதிரி நல்லபடியாக நடந்துகொள்கிறோம். இருபத்தாறு பேர் ஆஸ்பத்திரி என்று சொன்னார்களே, நிஜமான காரணத்தைச் சொல்ல நேரம் பிடிக்கும், கூச்சமாகவும் இருக்கும், அதனால்தான். நாமும் கேட்டவர்களுக்கெல்லாம் பஸ் இல்லை என்றோம். இப்போது பஸ் இருக்கிறது. எனக்குச் சந்தோஷம், பயமும்தான்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஒரு புதன்கிழமை வாருங்கள். புதன்கிழமை இங்கே விசேஷமாக ஒன்றும் இருக்காது. என் மேல் பால் வாடை அடிக்கும். துணி மடிக்காமல் கிடக்கும். மகள் கணக்குப் போட வராமல் என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். நான் விருந்து சமைக்கமாட்டேன், நீங்களும் நல்லவராக நடந்துகொள்ள வேண்டியதில்லை. இருமல் வந்தால் தாராளமாக இருமுங்கள். எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் காலையில் ஏழு பத்துக்குப் பஸ் வாசலிலேயே நிற்கும். ஏன் என்று நான் கேட்கமாட்டேன், மகளையும் கேட்கவிடமாட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் மூன்றாவது மேடையிலிருந்து எடுக்கிறார்கள். இடது பக்கம் உட்காருங்கள், தூசி குறைவு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக இருங்கள், எங்கே இருந்தாலும்.

முதல் தடவை வெறுங்கையோடு வந்தால் போதும். பிற்பாடு எப்போதாவது செடியையும் தூக்கி வர வேண்டியிருந்தால், அதற்கு லக்கேஜ் போடமாட்டாராம். கண்டக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள்,
நான்